கங்காணி வரைந்த பச்சை மலை

புனிதனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பசியாறிக்கொண்டிருக்கும்போதே, ஞானம் வந்துவிட்டது. தோசையில் பாதி வாய்க்குள் இருந்தது. மீதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"குமுதா, நம்ம வீட்டுல அழகே இல்ல."

அடுப்பின் முன்னால் நின்ற குமுதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கல்யாணம் பேச வந்தப்பவே எங்கம்மா சொன்னாங்க."

"நான் என்னைச் சொல்லல. வீட்டச் சொல்றேன்!"

"நானும் வீட்டத்தாங்க சொன்னேன். நீங்க ஏன் சூடாவுறீங்க?"

இந்தப் புனிதன் யார் என்றால், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிற ஆட்களுக்கெல்லாம் மேல். இன்றைக்கு இந்த மலை, நாளைக்கு அந்த மலை என்று கை காட்டுகிற பெரிய மனுஷன். ஆனால் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷன். உட்கார்ந்தால் முட்டி ஆடும். முட்டியை அமுக்கிப் பிடித்தால் மண்டைக்குள் ஏதாவது ஆட ஆரம்பித்துவிடும். போன வருஷம் தொட்டி வைத்து மீன் வளர்த்தார். மலைக்குளிரில் மீன்கள் விறைத்துப் போயின. அப்புறம் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தார். அவை ஸ்ட்ராபெரிப் பூவைத் தேடிக் கியா பார்ம் பக்கம் போனவை, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டன.

இந்த முறை வந்த கிறுக்குக்குக் காரணம் தொப்பி போட்ட ஒரு பெண். சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து காரில் வந்தவள், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படத்துல விழறீங்க," என்றாள். தள்ளி நின்றவரிடம், "எவ்ளோ அழகு! டெய்லி பாக்கறீங்க, குடுத்து வச்சவரு லா நீங்க," என்றும் சொல்லிவிட்டுப் போனாள். புனிதன் திரும்பி மலையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்த மலையில் கொழுந்து முற்றியிருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார். அழகு இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். இருந்தது. அடப்பாவமே, இவ்வளவு இருந்திருக்கிறதே, ஊரான் வந்து சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது. அன்று தூக்கமும் சரியில்லை.

"அழகு வேணும்னா அந்த ஜன்னல வச்சுக் குடுங்க," என்றாள் குமுதா.

அவள் இதைச் சொல்லாத நாளே கிடையாது. அவர்கள் இருந்தது லயன் வீடு, வரிசையின் நட்ட நடுவில். சுவர் கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை. அடுப்படி சரிவின் விளிம்பில் இருந்ததால் அதற்குப் பின்னால் கால் வைக்க இடமில்லை. பள்ளம்தான். கட்டினவர்கள் அந்தப் பக்கம் கதவும் வைக்கவில்லை, ஜன்னலும் வைக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் எதிர்மலை முழுக்கத் தேயிலை. பலகைக்கு இந்தப் பக்கம் விறகடுப்புக் காலத்துக் கரி.

குமுதாவுக்குத் திரிங்காப்பில் பூத்தோட்டத்து வேலை. செவ்வந்தியைக் கலர் பார்த்துப் பிரித்து, மஞ்சளை மஞ்சளோடும் ஊதாவை ஊதாவோடும் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். பகலெல்லாம் கலருக்குள்ளேயே புழங்கிவிட்டு வந்து, கரிச்சுவரைப் பார்த்துக்கொண்டு குழம்பு கிண்டுவது அவளுக்குச் சிறை மாதிரி இருந்தது. அதை மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. "என் கண்ணு செத்துப்போவுதுங்க," என்று வாய்விட்டே சொல்லுவாள்.

புனிதனோ ஜன்னல் என்றாலே சிலுப்பிக்கொள்வார். பனி உள்ளே வரும், சளி பிடிக்கும், தோட்டத்துக்குச் சொந்தமான சுவரில் கை வைத்தால் மேனேஜர் துரை ஏசுவார். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், போன தீபாவளிக்கு வரிசைச் சனம் அத்தனையும் கூடியிருந்த இடத்தில், "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்தச் சுவத்துல ஓட்டை விழாது!" என்று மார்தட்டிவிட்டார். கொஞ்சம் தண்ணி போட்டிருந்தார்தான். அதற்காகச் சொன்னதை மாற்ற முடியுமா? ஒரு கங்காணி எல்லார் முன்னாலும் இறங்கி வருவதாவது!

"ஜன்னல் பேச்சு முடிஞ்ச பேச்சு," என்றார்.

"சரி, விடுங்க." குமுதா சட்டென்று விட்டுக்கொடுத்தாள். அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். "தானா ராத்தா டவுன்ல ஒரு கடையில பெரிய மலைப்படம் தொங்குது. யாரோ பெரிய ஆர்ட்டிஸ்டு வரைஞ்சதாம். அத வாங்கி இந்தச் சுவத்துல மாட்டுவோமா? அதையாவது பாத்துக்கிட்டுச் சமைக்கிறேன்."

"மலைக்குப் படமா? அதுவும் கடையிலயா? இந்த மலையிலேயே பொறந்து வளந்தவன் நான் ஒருத்தன் கல்லு மாதிரி நிக்கறப்பவா?"

"உங்களுக்கு வரைய வருமா?"

"ஸ்கூல்ல மாம்பழம் வரைஞ்சு பிரைஸ் வாங்குனவன் நானு!"

"பூசணிக்கான்னு நெனச்சுக் குடுத்துட்டாங்கன்னு உங்க தங்கச்சி சொன்னாங்களே."

"நான் வரையறேன்! இந்தச் சுவத்துலயே வரையறேன்! எதிர்மலை அப்படியே வீட்டுக்குள்ள வந்து நிக்கும் பாரு. ஜன்னலும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்!"

குமுதா அடுப்பை அணைத்தாள். அவள் முகத்தில் ஒரு பணிவு வந்தது. கல்யாணப் போட்டோவில்கூட இல்லாத பணிவு.

"வரைங்க. ஆனா படம்னா சுத்தி ஒரு சட்டம் வேணும். இல்லாட்டி பெயிண்ட்ட கொட்டிட்டாங்கன்னு நெனப்பாங்க."

நல்ல யோசனைதானே! முதலில் புனிதன் அந்தக் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வெள்ளை அடித்தார். கல்யாணமான நாள் முதல் குமுதா கேட்டுக்கொண்டிருந்த வேலை, ஒரு வார்த்தை ஏச்சில்லாமல் நடந்தது. பிறகு அவள் தையல் டேப்பை எடுத்துவந்தாள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம், ஆங், போதும்," என்று அவளே அளந்து பென்சில் கோடு போட்டாள். கோட்டின்மேல் அவர் பழுப்புப் பெயிண்டில் சட்டம் தீட்டினார்.

இனி பச்சைதான் பாக்கி.

பிரிஞ்சாங் டவுனில் பெயிண்ட் கடை முதலாளியான சீனத் தவுக்கே கலர் அட்டையை விரித்து, "எந்த ஹிஜாவ்?" என்று கேட்டார்.

"பச்சையில எந்தப் பச்சைன்னா கேக்கறீங்க? பச்சைன்னா பச்சைதான் லா!" என்றார் புனிதன். முதலில் கண்ணில் பட்ட டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் மலை தயார். பெரிய மலை. உச்சியில் ஒரு மரம். குமுதா பூத்தோட்டத்திலிருந்து வந்து, கையில் ஒட்டியிருந்த மகரந்தத்தைத் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மலைப் பச்சை இல்லையே."

"பின்ன என்ன பச்சை?"

"கொத்தமல்லிச் சட்னிப் பச்சை. பாத்தா பசிக்குது."

"பச்சையப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? தேயிலைக்குள்ளயே கெடந்து சாவுறவன்கிட்ட?"

"அதாங்க, உங்களுக்குத் தெரியாததா? ஒரு தடவை மலையப் பாத்துட்டு வந்துருங்களேன்."

இந்தப் "பாத்துட்டு வந்துருங்களேன்"தான் அவரைச் சந்தி சிரிக்க வைத்தது. மலையைப் பார்க்க வேண்டுமானால் முன்வாசலில் இறங்கி, வரிசை வீடுகளை எல்லாம் தாண்டி, கடைசி வீட்டை ஒட்டி வளைந்து போய்ச் சரிவில் நிற்க வேண்டும். பார்த்த பச்சையை மனசுக்குள் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பச்சை கொட்டிவிடும். கடைசி வீட்டு வடிவம்மாள் வாசலிலேயே குந்தியிருக்கிற மனுஷி. "என்ன கங்காணி, பசியாறியாச்சா?" என்பாள். புனிதன் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை நேராக வைத்துக்கொண்டு ஓடுவார். "பாத்தியா, பேசக்கூட மாட்டேங்கறாரு. தலைக்கனம்!" என்று அவள் வரிசை முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டாள். அடுப்படிக்கு வந்து பிரஷ்ஷை எடுப்பதற்குள் பச்சையும் மறந்திருக்கும்.

போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தும் பார்த்தார்.

"போனையா நம்புறீங்க?" என்றாள் குமுதா. "அதுல என் மூஞ்சியே வெள்ளையாத்தான் தெரியுது."

இதுவும் நியாயம்தான். மறுபடி ஓடினார். ஓட ஓட ஒரு விஷயம் தெரிந்தது. அந்த மலைக்கு ஒரு பச்சை இல்லை. வெயில் ஏறும்போது ஒன்று. மழை விட்டதும் இன்னொன்று. மேகம் ஒரு பக்கம் நிழல் போட்டால் ஒரே மலையில் இரண்டு. பனி இறங்கிவிட்டாலோ பச்சையே கிடையாது, போய்ப் படு என்கிற மாதிரி வெள்ளை. புனிதன் வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நிற்க ஆரம்பித்தார். பின்னால் காய்கறி லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டுவான். அதுவும் காதில் ஏறாது. சந்தோஷமாகவும் இருந்தது, பைத்தியம் பிடிப்பது மாதிரியும் இருந்தது.

"மறுபடி ஹிஜாவா?" என்றார் தவுக்கே. "கங்காணி, இங்க வளர்ற தேயிலையெல்லாம் நீங்க பெயிண்ட் அடிச்சதா?"

அடுப்படி மூலையில் பச்சை டின்கள் அடுக்கடுக்காக ஏறின. இதைக் கலந்து, அதை ஊற்றி, மஞ்சளைத் தொட்டு, கடைசியில் ஒரு நாள் அந்தப் பச்சை வந்தேவிட்டது. இளங்கொழுந்து மலை முழுக்கத் தலை நீட்டி நிற்கும்போது வருகிற வெளிர்ப் பச்சை. குமுதாவே கிட்டப் போய்ப் பார்த்து, "அட, வந்துருச்சு போலருக்கே," என்றாள். அவள் குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது. புனிதன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இன்னும் கீழ்ப்பாதி தீட்ட வேண்டும். ஆனால் எதிர்மலை வெட்டுக்கு வந்துவிட்டது. மெஷின் ஏறினால் கொழுந்தெல்லாம் பைக்குள் போய்விடும். அடியில் இருக்கிற முற்றின இலைதான் மிஞ்சும், கரும்பச்சையாக. புனிதன் யோசித்தார். எந்த மலை என்று கை காட்டுகிறவர் அவர்தானே?

"இன்னிக்கு அங்க வேணாம். மேல்மலைக்குப் போங்க," என்றார் ஆட்களிடம். மறுநாளும் மேல்மலை. அதற்கு அடுத்த நாள் ஆற்றோரம். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் துரையின் ஜீப்பே வந்து நின்றது.

"கங்காணி, எதிர்மலையை ஏன் இன்னும் விட்டு வச்சிருக்கீங்க?"

"இன்னும் முடியல, துரை."

"என்ன முடியல? இலை முத்திப்போய் நிக்குது. ஃபேக்டரியில என்னைப் போட்டு ஏசுறாங்க."

"கீழ்ப்பக்கம் இன்னொரு கோட் அடிக்கணும், துரை."

துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று தன்மையாகக் கேட்டார். அன்று மத்தியானமே மெஷின்கள் எதிர்மலையில் ஏறின. கண்ணெதிரே அந்த வெளிர்ப் பச்சை பாத்தி பாத்தியாகப் போவதைப் புனிதன் நின்று பார்த்தார். தன் ஆட்களிடம் "ஒழுங்கா வெட்டுங்கடா" என்று சத்தம் போடவும் வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

சாயங்காலம் குமுதா வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பஸ்ஸுல வர்றப்ப பாத்தேன். மலை கரும்பச்சையாக் கெடக்கு. உங்க படத்துல இன்னும் கொழுந்து நிக்குதே?"

"அது வெட்டுறதுக்கு முந்தின மலை!"

"பழைய மலைய வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்ய? நேத்துக் கொழம்பு மாதிரி."

புனிதன் பிரஷ்ஷை வீசி எறிந்தார். அது ரசச் சட்டிக்குள் விழுந்தது. "குமுதா, இப்படி ஓடி ஓடிப் பாத்தா எந்தக் கொம்பனாலயும் வரைய முடியாது! மாறிக்கிட்டே இருக்கற சனியன் அது! நான் இங்க நிக்கணும், மலை அங்க தெரியணும். பாக்கணும், தீட்டணும். பாக்கணும், தீட்டணும்!"

"அது எப்படிங்க முடியும்?" குமுதா பிரஷ்ஷை எடுத்துக் கழுவினாள். "நடுவுல பலகை மறைக்குதே."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். புனிதன் பலகையைப் பார்த்தார். அவருடைய முட்டி ஆட ஆரம்பித்தது.

"ஒரு பலகை," என்றார். "ஒரே ஒரு பலகைய எடுத்துட்டா என்ன? பாத்து வரைஞ்சுட்டு மறுபடி அடிச்சிடலாம்."

"ஐயையோ, வேணாங்க! ஓட்டை விழாதுன்னு வரிசையே கேக்கச் சொன்னீங்க."

"இது ஓட்டை இல்ல, புள்ள. இது பார்வை."

"என்னமோ போங்க. நான் சொல்லியா கேக்கப் போறீங்க?"

பக்கத்து வீட்டு முருகையா தோட்டத்துத் தச்சர். ரம்பம் வேண்டும் என்று புனிதன் கேட்டு முடிப்பதற்குள், தீட்டி எண்ணெய் போட்ட ரம்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்கவே இல்லை. "சட்டத்துக் கோட்டத் தாண்டி அறுத்துடாதீங்க, கங்காணி," என்று மட்டும் சொன்னார். இவருக்கு எப்படிச் சட்டம் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் புனிதன் இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தால் அடுப்பும் சட்டிபானையும் ஏற்கெனவே ஓரமாக நகர்ந்திருந்தன. அதையும் அவர் கவனிக்கவில்லை.

முதல் பலகை விழுந்தது. ஒரு கீற்று மலை உள்ளே வந்தது. பாதி மரமும், ஒரு கீற்றுச் சரிவும்.

"போதுமாங்க?" என்றாள் குமுதா.

"மரத்தோட மறுபாதி தெரியல."

இரண்டாவது பலகை விழுந்தது. மரம் முழுசாக வந்தது. ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் மேகம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? இன்னொரு பலகை. மேகத்துக்குக் கீழே வெயில் ஒரு துண்டு விழுந்து, வெட்டின பாத்திகளின் மேல் மெல்ல நகர்ந்தது. அது போய்விடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று. அவர் அறுத்துக்கொண்டே போனார். பச்சை அடித்த பலகைகள் காலடியில் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் ரம்பத்துக்கு அறுக்க ஒன்றுமில்லை. சுவரில் பழுப்புச் சட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குள் மலை நின்றது.

குமுதா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இவ்ளோ பக்கத்துலயாங்க இருந்துச்சு," என்றாள். "இத்தன வருஷமா."

புனிதன் ரம்பத்தைக் கீழே வைத்தார். இவளை இவ்வளவு நாள் கரியைப் பார்க்க விட்டோமே என்று மனசு கஷ்டப்பட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் குனிந்தார். காலடியில் கிடந்த பலகைகளைப் பார்த்தார். ஞானம் இரண்டாம் முறை வந்தது.

"ஐயோ! எஸ்டேட் சுவரு! துரை என்னைத் தொலைச்சிடுவாரு!"

"துரைகிட்ட போன மாசமே கேட்டுட்டேன். கங்காணி மனசு வச்சா எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"போன மாசமா?"

அவர் இதை விளங்கிக்கொள்வதற்குள் முருகையா உள்ளே வந்தார். தோளில் கண்ணாடி போட்ட புத்தம்புது ஜன்னல். "கொஞ்சம் நகந்துக்குங்க, கங்காணி," என்று சொல்லி அதைத் தூக்கிச் சட்டத்துக்குள் வைத்தார். தட்ட வேண்டியதுகூட இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. பிறகு முருகையா திரும்பி, புனிதனை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோட இருக்கற வரைக்கும் ஓட்டை விழாதுன்னீங்களே. நல்லாத்தானே இருக்கீங்க? நாடி கீடி பாக்கட்டுமா?"

புனிதன் பழுப்புச் சட்டத்தைப் பார்த்தார். தையல் டேப்பின் ஒரு முனையைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

"குமுதா," என்றார் மெதுவாக. "தானா ராத்தாவுல ஒரு கடையில மலைப்படம் தொங்குதுன்னியே..."

"எந்தக் கடையிலங்க?"

முருகையா இருமுவதுபோலச் சிரித்துக்கொண்டே ரம்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி வடிவம்மாள் வாசல் வரைக்கும் சேதி போக அதிக நேரம் ஆகாது. புனிதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு கங்காணிக்கு மிச்சமிருக்கிற மரியாதையைக் காப்பாற்றியாக வேண்டும்.

"எப்படியோ போவட்டும். ஆனா ஒண்ணு. அந்த மலைக்கு எந்த நேரத்துல என்ன பச்சைன்னு இந்த வரிசையிலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அத நீ ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேங்க." குமுதா மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே மூலையில் இருந்த டின்களைக் காட்டினாள். "மிச்சப் பெயிண்ட்ட இந்த ஜன்னல் மரத்துக்கு அடிச்சிருங்க. எந்தப் பச்சைன்னாலும் பரவால்ல."